விட்டுக்கொடுப்புப் பிரிவு

பத்தொன்பது வருடமாக நான் வீடு வீடாகப் போய், அவர்கள் கொடுக்கும் தேநீரைக் குடித்துக்கொண்டே, ‘நீங்கள் ஒருநாள் செத்துப்போவீர்கள்’ என்பதை மரியாதையாகச் சொல்லிவருகிறேன். காப்பீட்டு முகவர் வேலை என்பது அதுதான். ஸர்க்கா நகரத்தில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் பாதிப் பேர் என்னைத் தூரத்தில் கண்டதும் செருப்புக் கடைக்குள் நுழைந்து, தேவையே இல்லாமல் விலை கேட்பார்கள். கடைக்காரர் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்.

குடும்ப வாழ்க்கையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்களின் வரவேற்பறையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான். புருஷன் ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்பான். மனைவி கதவுக்குப் பின்னால் நின்று, எவ்வளவு கிடைக்கும் என்பதைக் காதில் வாங்கிக்கொண்டே, அவன் நூறு வயது வாழவேண்டும் என்று மனத்துக்குள் வேண்டிக்கொள்வாள். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும், இரண்டும் உண்மை. பத்திரம் கைக்கு வந்ததும் அலமாரியின் உச்சியில், குளிர்காலக் கம்பளிகளுக்கு அடியில் போய்விடும். பிறகு அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. பேசினால் சாவு வந்துவிடும் என்று பயம்.

என் தங்கை நவ்ஃபாவின் வீட்டிலும் பத்திரம் கம்பளிக்கு அடியில்தான் இருந்தது. அவள் புருஷன் ஃபலாஹ் மாதபாவில் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஆறு வருடத்துக்கு முன், ரமலான் மாதக் கடைசியில், எனக்கு அந்த மாத இலக்கில் ஒரு பாலிசி குறைந்தது. அவனிடம் போனேன்.

“ஒரு கையெழுத்துப் போடு, ஃபலாஹ்.”

“எனக்கென்ன ஆகப்போகுது?”

“உனக்கு ஒண்ணும் ஆகாது. எனக்குத்தான் ஆகும். இந்த மாசம் ஒண்ணு குறையுது.”

சிரித்துக்கொண்டே லாரியின் முன்மூடி மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டான். முப்பதாயிரம் தினார் பாலிசி. அதன்பிறகு ஒரு மாதம்கூடத் தவணை தவறவில்லை. மச்சானுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று கட்டினான் என்பது எனக்குத் தெரியும்.

இனி எங்கள் கம்பெனியைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயரைச் சொல்லமாட்டேன், சம்பளம் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது. எங்கள் பொது மேலாளர் டாக்டர் தௌஃபீக். எதில் டாக்டர் என்று யாரும் கேட்டதில்லை. மூன்று வருடத்துக்கு முன் சாக்கடல் கரையிலுள்ள ஓட்டலில் எங்கள் எல்லோரையும் கூட்டி, இரண்டரை மணி நேரம் பேசினார். ஜனங்கள் இழப்பீடு கேட்கிறார்களாம். பணம் கட்டியவர்கள் எல்லோரும் திரும்பக் கேட்டால் ஒரு காப்பீட்டுக் கம்பெனி எப்படிப் பிழைக்கும் என்று அவர் குரல் தழுதழுத்தது. கடைசியில் ஆலோசனை சொல்லுங்கள் என்றார். எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே மன்ஸஃப் விருந்து தயாராகி, ஆட்டிறைச்சி வாசனை கதவிடுக்கில் வந்துகொண்டிருந்தது. பசி தாங்காமல் நான் எழுந்தேன்.

“நம்ம ஊர்ல எந்த வழக்கா இருந்தாலும் ஒரு ஜாஹா போனா முடிஞ்சுடுமே, டாக்டர்” என்றேன். சாப்பாட்டுக்குப் போகலாம் என்பதுதான் நான் சொல்லவந்தது.

டாக்டர் தௌஃபீக் கைதட்டினார். என் வாயில் மண்ணைப் போட்டுக்கொண்ட நாள் அது.

பெண் கேட்க, விபத்துக்கு மன்னிப்புக் கேட்க, ரத்தப் பகையைத் தீர்க்க எங்களுக்கு ஜாஹாதான். பெரிய மனிதர்கள் கூட்டமாக வீட்டுக்கு வருவார்கள். ஏலக்காய் போட்ட கசப்புக் காப்பி ஊற்றப்படும். வந்தவர்களின் தலைவர் கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்து, ‘எங்களுக்கு ஒரு கோரிக்கை இருக்கு’ என்பார். வீட்டுக்காரர் ‘உங்க காப்பியைக் குடிங்க’ என்றால், கேட்டது கிடைத்துவிட்டது. சொல்லாவிட்டால், பெரியவர்களைக் குடிக்காமல் திருப்பி அனுப்பிய வீடு என்ற பெயரோடு அவர் மிச்ச நாளைக் கழிக்கவேண்டும். அப்படி ஒருவர் கழித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. விஷயம் பணமாக இருந்தால் வீட்டுக்காரர் முதலில் யாராலும் தரமுடியாத ஒரு தொகையைச் சொல்வார். பிறகு அல்லாஹ்வுக்காக இவ்வளவு விட்டேன், நபிகளாருக்காக இவ்வளவு விட்டேன், வந்த பெரியவருக்காக இவ்வளவு விட்டேன் என்று அவரே குறைத்துக்கொண்டு வருவார். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் வாழ்த்தும். கடைசியில் நிற்பதுதான் அவர் உண்மையில் வாங்கப்போவது.

ஒரு மாதத்தில் கம்பெனியில் ‘விட்டுக்கொடுப்புப் பிரிவு’ தொடங்கியது. ஒருங்கிணைப்பாளர் நான். திறப்பு விழாவில் டாக்டர் தௌஃபீக் பேசினார்.

“வாடிக்கையாளர் நம்மகிட்ட வர்றது பணத்துக்காகன்னு இத்தனை வருஷம் தப்பா நெனச்சிட்டிருந்தோம். இல்ல. அவங்களுக்கு வேண்டியது மரியாதை. அந்த மரியாதைய நாம அவங்க வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் குடுக்கப்போறோம். பணத்த நாம வெச்சுக்குவோம்.”

“எல்லா வீட்டுக்கும் போவோமா, டாக்டர்?” என்று நான் கேட்டேன்.

“எல்லா வீட்டுக்கும் எதுக்கு? பணம் தராம இருக்கக் காரணம் இருந்தா வக்கீல அனுப்புவோம். காரணம் ஒண்ணும் இல்லாத வீட்டுக்குத்தான் ஜாஹா.”

ஜாஹாவுக்குத் தலைவராக ஓய்வுபெற்ற படை அதிகாரி ஒருவரை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். ஊரெல்லாம் அவரை அபூ கைஸ் பாஷா என்று கூப்பிடும். வெண்மீசை, நல்ல குரல், எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அது அவருக்காகவே செய்ததுபோல இருக்கும். ஒருநாளைக்கு இரண்டு, மூன்று ஜாஹாவுக்குத் தலைமை தாங்குவது அவருக்குப் பழக்கம். இவரோடு கணக்குப் பிரிவு, சட்டப் பிரிவு, கார் நிறுத்துமிடக் காவலாளிகள் உட்பட முப்பது பேர். எல்லோருக்கும் கம்பெனி செலவில் மேலங்கி தைத்துக் கொடுத்தது.

என் வேலை ஜாஹாவுக்கு முதல் நாளே அந்த வீட்டுக்குப் போவது. வீட்டுக்காரரிடம் ‘விட்டுக்கொடுப்புப் பட்டியல்’ என்ற தாளைக் கொடுப்பேன். அதை வரைந்ததும் நான்தான். அல்லாஹ்வுக்காக, நபிகளாருக்காக, பாஷாவுக்காக, ஜாஹாவுக்காக, ஊருக்காக என்று ஐந்து வரி. வரிக்கு ஐந்தில் ஒரு பங்கு. கூட்டினால் ஒன்றும் மிஞ்சாது. முதலில் பெருந்தொகை சொல்லும் பழைய வழக்கத்தை டாக்டர் தௌஃபீக் வெட்டிவிட்டார். நேர விரயமாம். “பாலிசியில எழுதின தொகையிலேருந்து ஆரம்பிங்க” என்று வீட்டுக்காரர் காதில் போட்டுவிட்டு வருவது என் பொறுப்பு. நானும் போட்டேன். கூச்சமாகத்தான் இருந்தது. கூச்சத்தோடு நாற்பத்திரண்டு வீட்டில் போட்டேன்.

முதல் வீடு சல்த் நகரத்தில், கடை எரிந்துபோன ஒரு கண்ணாடி வியாபாரி. பாஷா வந்து உட்கார்ந்ததைப் பார்த்தே மனிதர் அழுதுவிட்டார். அவர் வீட்டுக்கு அதுவரை அப்படி ஒருவர் வந்ததில்லையாம். பட்டியலை ஒரே மூச்சில் வாசித்து முடித்து, ஒன்றும் வேண்டாம் என்று சொல்லி, எல்லோருக்கும் குனாஃபா இனிப்பு வேறு வரவழைத்தார். கடை இன்னும் கரியாகத்தான் கிடக்கிறது. சுவரில் பாஷாவோடு எடுத்த படம் மாட்டியிருக்கிறார்.

இர்பித் நகரத்தில் ஒரு மருந்துக் கடைக்காரரின் கார் எரிந்திருந்தது. பாஷாவுக்கு அன்று அது மூன்றாவது ஜாஹா. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “உங்க குணவதியான மகளை எங்க பிள்ளைக்குக் கேட்டு வந்திருக்கோம்” என்று சொல்லிவிட்டார். நான் அவர் மேலங்கியைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் வீட்டுக்காரர் எழுந்து நின்று, “காப்பியைக் குடிங்க, பாஷா. பொண்ணு உங்க பொண்ணு” என்று சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை யார் திருப்பி வாங்குவது? கூட்டத்தில் கலியாணமாகாதவன் இழப்பீட்டுப் பிரிவு ராக்கான் மட்டும்தான். கோப்பைப் பெட்டி தூக்கவந்தவன். பெண் பல் வைத்தியம் படித்தவள். திரைக்குப் பின்னாலிருந்து அவனைப் பார்த்துவிட்டு மறுப்புச் சொல்லவில்லை. கார் இழப்பீட்டை மாப்பிள்ளை தரவேண்டிய மஹராகக் கொடுத்துவிடுங்கள் என்று ராக்கான் கெஞ்சினான். கம்பெனி மறுத்துவிட்டது. மருமகனுடைய கம்பெனி ஆயிற்றே என்று மாமனாரும் பிறகு காரைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த வருட அறிக்கையில் இந்தக் கலியாணம் ‘கூடுதல் வாடிக்கையாளர் சேவை’ என்று வந்தது.

அடுத்து ஆஸ்பத்திரி. காலொடிந்த ஒருவர் கட்டிலைச் சுற்றி முப்பது பேர் நின்றோம். அவரால் எழுந்து காப்பி ஊற்ற முடியாது. ஊற்றாவிட்டால் ஜாஹா செல்லாது. டாக்டர் தௌஃபீக் போனில் வழி சொன்னார். எங்கள் பிளாஸ்க்கை எடுத்து, எங்கள் காப்பியை அவர் கையில் கொடுத்து, அவர் கையைப் பிடித்து எங்களுக்கே ஊற்றவைத்தோம். நர்ஸ் வந்து, “நோயாளிக்கு இது தாங்காது” என்றாள். “அதனாலதான் சீக்கிரம் முடிக்கிறோம், தங்கச்சி” என்றார் பாஷா.

என் மனைவி இப்திஸாமுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. நான் மேலங்கியை மாட்டும்போதெல்லாம் கண்ணாடியில் என்னைப் பார்த்து ஏதாவது சொல்வாள்.

“இன்னிக்கு யாரு வீட்ட மரியாதையாக் கொள்ளையடிக்கப் போறீங்க?”

“வேலைம்மா.”

“திருடனும் அதத்தான் சொல்லுவான். ஆனா அவன் காப்பி கேக்கமாட்டான்.”

பையன் யஸனின் பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை, என் முதுகுவலி எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஐம்பத்தோரு வயதில் என்னை வேறு யார் எடுப்பார்கள்?

போன கோடை வெயிலில், லாரி மேல் ஏறித் தண்ணீர்க் குழாயை மாட்டிக்கொண்டிருந்த ஃபலாஹ், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தான். கீழே இறக்கும்போது உயிர் இல்லை. நாற்பத்தாறு வயது.

துக்கம் கேட்கும் மூன்று நாளும் போனபிறகு நவ்ஃபா அலமாரியிலிருந்து கம்பளிகளை இறக்கி, பத்திரத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். அவள் அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

“அண்ணே, அவரோட தம்பிங்க மஆன்லேருந்து வந்திருக்காங்க. ‘ஆம்பளை இல்லாத வீட்டுல நீயும் மூணு பொண்ணுங்களும் எப்படி இருப்பீங்க? எங்க வீட்டு மாடியில ஒரு ரூம் இருக்கு, வந்துடுங்க’ன்னு சொல்றாங்க. அந்த ரூம நான் பாத்திருக்கேன். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கு.”

“நீ போகவேணாம்.”

“போகாம இருக்கணும்னா இந்தப் பணம் வரணும். லாரிக்கு ஒரு டிரைவரைப் போட்டுக்குவேன். பெரியவ நர்ஸ் படிப்ப முடிப்பா. வருமா?”

“வரும்” என்றேன். எந்த வீட்டில் சொன்னதைவிடவும் அந்த வீட்டில் நான் அதை நம்பிச் சொன்னேன். பாலிசியில் ஒரு குறையும் இல்லை. ஒரு தவணைகூட நிற்கவில்லை. பணம் தராமல் இருக்க எந்தக் காரணமும் கிடையாது.

வீட்டுக்கு வரும் வழியில், பஸ்ஸில், அந்தக் கடைசி வரி எனக்கு உறைத்தது. காரணம் இல்லாத வீட்டுக்குத்தான் ஜாஹா.

எங்களுக்கு வாரம் தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை டாக்டர் தௌஃபீக் கூப்பிட்டார். ஃபலாஹ்வின் கோப்பு அவர் முன்னால் இருந்தது.

“அல்லாஹ் அவருக்கு அருள் செய்யட்டும். எவ்வளவு சுத்தமான கோப்பு, அபூ யஸன்! ஒரு ஓட்டை கிடையாது. வக்கீல் ரெண்டு நாள் தேடினார். ஜாஹாதான்.”

“டாக்டர், அது என் தங்கச்சி வீடு.”

“தெரியும். புருஷன் போய்ட்டான், அப்பா இல்ல. ஜாஹாவ யாரு வரவேற்கணும்? மூத்த அண்ணன். ஒருங்கிணைப்பாளர் யாரு? அதே அண்ணன். கம்பெனிக்கு ஒரு தடவை பெட்ரோல் செலவு மிச்சம்.”

“நான் ரெண்டு பக்கமும் எப்படி இருக்கமுடியும்?”

“ரெண்டு பக்கமும் நம்பிக்கையானவன் ஒருத்தன் இருந்தா சமாதானம் எவ்வளவு சுலபம்! நீ மாட்டேன்னு சொன்னா நான் கட்டாயப்படுத்தமாட்டேன். வேற ஒருங்கிணைப்பாளரப் பாத்துக்குறேன். ஜாஹா எப்படியும் வரும்.”

அவர் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். வேலையை விட்டாலும் வீட்டுக்காரர் நாற்காலியில் நான்தான் உட்கார வேண்டும். சம்பளம் இல்லாமல் உட்காருவேன், அவ்வளவுதான் வித்தியாசம். மாதபா முழுவதும் பார்க்க, பாஷாவைக் குடிக்காமல் திருப்பி அனுப்பினால், அந்தப் பெண்பிள்ளைகளைப் பெண் கேட்டு நாளைக்கு யார் படியேறுவார்கள்? ‘சரி’ என்று சொல்லி வெளியே வந்தேன்.

வியாழக்கிழமை மாலை என்று குறித்தார்கள். கூடாரமும் அறுபது நாற்காலிகளும் வீட்டுக்காரர் செலவு. அது கம்பெனி விதி, அந்த விதியையும் எழுதியது நான்தான். நவ்ஃபா சமையலறையில் காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டே கேட்டாள்.

“அண்ணே, நீ எந்தப் பக்கம் உக்காருவ?”

“நம்ம பக்கம்.”

“அப்ப அவங்களக் கூட்டிட்டு வர்றது?”

“அதுவும் நான்தான்.”

அவள் கரண்டியை நிறுத்தி என்னைப் பார்த்தாள். “காப்பி போடச் சொல்ற. என் பொண்ணுங்க வயித்துல அடிக்க வர்றவங்களுக்கு நானே காப்பி போடணும். நல்லாப் போடணுமா, சுமாராப் போட்டா போதுமா?”

நல்லாவே போடு என்று மட்டும் சொன்னேன்.

ஒருங்கிணைப்பாளர் ஜாஹாவின் முதல் வண்டியில், பாஷாவுக்குப் பக்கத்தில் வரவேண்டும் என்பது விதி. வந்தேன். தெரு முனையில் வண்டி நின்றதும் இறங்கி, பக்கத்து வீட்டு ஒலிவத் தோட்டத்துக்குள் புகுந்து, குட்டைச் சுவரை ஏறிக் குதித்து, கம்பெனி அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, பின்வாசல் வழியாக ஓடி, முன்வாசலில் வந்து நின்றேன். மூச்சு இரைத்தது. மேலங்கியில் ஒலிவ இலை. முப்பது பேரோடு பாஷா நடந்துவந்தார்.

“வாங்க, வாங்க! எங்க வீடு உங்க வீடு!”

பாஷா என் கையைப் பிடித்துக் குலுக்கி, முகத்தை உற்றுப் பார்த்தார். “இப்பத்தானே உன்ன வண்டில பாத்தேன்?”

“ஆமா, பாஷா.”

“நல்லது, நல்லது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் எதற்கும் ஆச்சரியப்படுகிறவர் இல்லை.

மாதபாப் பெரியவர்கள், அக்கம்பக்கத்தார், மஆனிலிருந்து வந்த ஃபலாஹ்வின் தம்பிகள் இருவர் எல்லோரும் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். காப்பி ஊற்றப்பட்டது. பாஷா கோப்பையைக் கீழே வைத்தார். முப்பது கோப்பைகள் ஒன்றன்பின் ஒன்றாக அதேபோலக் கீழே வந்தன. அந்தச் சத்தம் சமையலறை வரை கேட்டிருக்கும்.

“மறைந்த ஃபலாஹ்வ எனக்குத் தெரியாது” என்று பாஷா தொடங்கினார். “ஆனா அவர் கோப்பப் படிச்சேன். ஆறு வருஷம், ஒரு மாசம் தவறாம கட்டியிருக்கார். இந்தக் காலத்துல இப்படி ஒரு நேர்மை! அப்படிப்பட்டவரோட குடும்பம், கட்டினதத் திருப்பிக் கேக்குற குடும்பமா இருக்குமா? சாவு அல்லாஹ் குடுக்குறது. அதுக்கு நாம விலை வாங்கலாமா? கம்பெனி வாங்கலாம், அது கம்பெனி. அதுக்கு மனசாட்சி கிடையாது, பாவம். நமக்கு இருக்கு. அந்த விதவைத் தங்கச்சிகிட்ட இல்லாதத நான் கேக்கல. இருக்குறதத்தான் கேக்குறேன். பெருந்தன்மைய.”

கூட்டம் தலையசைத்தது. ஃபலாஹ்வின் தம்பிகள் மற்றவர்களைவிட வேகமாக அசைத்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எழுந்தேன். பட்டியல் பைக்குள் இருந்தது. கை அதைத் தொட்டது. நாற்பத்திரண்டு வீட்டில் முதல் நாள் ஒருவன் போய், ‘பாலிசித் தொகையிலேருந்து ஆரம்பிங்க’ என்று காதில் போட்டிருந்தான். இந்த வீட்டுக்கு அவன் போகவில்லை. போக வேண்டியவன் நான்தானே. என் காதில் யார் வந்து போடுவது? இதைப் புத்திசாலித்தனம் என்று யாரும் நினைக்கவேண்டாம். பயத்தில் நாக்கு பழைய வழக்கத்தைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

“எங்க ஃபலாஹ்வோட உயிருக்கு, பாஷா,” என்றேன், “நாங்க கேக்குறது மூணு லட்சம் தினார்.”

மாதபாக் கிழவர்கள் முகம் மலர்ந்தது. அவர்களுக்குத் தெரிந்த வழக்கம் இதுதான். இத்தனை நாள் கம்பெனி ஜாஹாக்களில் பட்டியலைப் பார்த்துச் சலித்திருந்தார்கள்.

“அல்லாஹ்வுக்காக ஒரு லட்சம் விட்டேன்!”

“அல்லாஹ் உன்ன உயர்த்தட்டும்!” என்றது கூட்டம்.

“நபிகளாருக்காக அம்பதாயிரம்! என் வீட்டுக்கு வந்த பாஷாவோட வெண்மீசைக்காக அம்பதாயிரம்!”

பாஷா மீசையைத் தொட்டுக்கொண்டார். அவர் வாழ்நாளில் எந்த ஜாஹாவிலும் அவருக்கு அவ்வளவு விட்டதில்லை. கண் கலங்கிவிட்டது.

“ஜாஹாவுல வந்த ஒவ்வொருத்தருக்காகவும் சேத்து நாப்பதாயிரம்! மாதபா ஜனங்களுக்காக இருபதாயிரம்!” அறுபது நாற்காலியும் வாழ்த்தின. “ஃபலாஹ்வோட ஆத்மாவுக்காகப் பத்தாயிரம்!”

மிச்சம் முப்பதாயிரம். அடுத்து யாருக்காக என்று எல்லோரும் காத்திருந்தார்கள். இழப்பீட்டுப் பிரிவு ராக்கான் என்னைப் பார்த்தான். அவன் உதடு முப்பது என்று அசைந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

“உங்க காப்பியைக் குடிங்க, பாஷா” என்றேன்.

தனக்காக ஐம்பதாயிரம் விட்டவனிடம் இன்னும் விடு என்று கேட்பது எப்படி? பாஷா கோப்பையை எடுத்தார். குடித்தார். முப்பது பேரும் குடித்தார்கள். “என்ன அருமையான காப்பி!” என்றார் பாஷா. சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. பிறகு நவ்ஃபா அழும் சத்தம் கேட்டது. மஆன் தம்பிகள் குனாஃபா வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் தௌஃபீக் என் அறிக்கையைப் படித்தார். ‘கோரியது: மூன்று லட்சம். விட்டுக்கொடுத்தது: இரண்டு லட்சத்து எழுபதாயிரம்.’

“நம்ம பிரிவு ஆரம்பிச்சதிலேருந்து இவ்வளவு சேமிப்பு வந்ததே இல்ல” என்றார். “முப்பதாயிரம் பாலிசியில ரெண்டு லட்சத்து எழுபதாயிரம் சேமிப்பு! இந்த வருஷ விருது உனக்குத்தான். கதவச் சாத்து.”

சாத்தினேன்.

“தங்கச்சிக்கு எத்தன பிள்ளைங்க?”

“மூணு பொண்ணு.”

“நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன், அபூ யஸன். என் தங்கச்சியா இருந்தா நாலு லட்சத்துலேருந்து ஆரம்பிச்சிருப்பேன்.” நவ்ஃபாவின் செக் மேசைமேல் இருந்தது. அவர் உள்ளங்கை அதன்மேல் இருந்தது. மற்றக் கையால் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். “நீ வெளிய வந்த ஓட்டைய இப்ப அடைச்சிடு. உன்னவிட அது யாருக்குத் தெரியும்?”

எழுதினேன். ‘பாலிசித் தொகைக்கு மேல் எந்த வீட்டுக்காரரும் தொடங்கக்கூடாது. ஊழியர் குடும்பங்களில் வீட்டுக்காரர் நாற்காலியில் கம்பெனி நியமிக்கும் நபரே உட்காருவார்.’ நல்ல தெளிவான வாசகம். பத்தொன்பது வருட அனுபவம். கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். உள்ளங்கை நகர்ந்தது.

நவ்ஃபா செக்கை அன்றே வங்கியில் போட்டாள். லாரிக்கு ஒரு டிரைவர் கிடைத்துவிட்டான். நான் தங்கை வீட்டை நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன், ஐந்து நாள்.

வெள்ளிக்கிழமை காலை, சாப்பிட்டு முடித்ததும், இப்திஸாமிடம் நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் எழுதவைத்த புது விதியையும் சொன்னேன். விருதைப் பற்றிச் சொல்லும்போது அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

“எனக்கு அண்ணன் தம்பி கிடையாது” என்றாள். “யஸனுக்குப் பதினொரு வயசு.”

“அதுக்கென்ன?”

“நீங்க போய்ட்டா அவங்க அனுப்புற ஆள்தானே என் வீட்டு நாற்காலில உக்காந்து உங்க பாலிசிப் பணத்த எனக்காக விட்டுக்குடுப்பான்? கீழ யாரு கையெழுத்து?”

“என்னோடது.”

அவள் எழுந்தாள். தலைத்துணியைச் சரியாகக் கட்டிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போய்ச் சாத்திக்கொண்டாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். மணி அடித்தது. திறந்தேன். படியில் நின்றிருந்தாள்.

“வரலாமா?”

“என்னம்மா இது?”

“வரலாமான்னு கேட்டேன்.”

“வா” என்றேன். விருந்தாளிகள் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பிளாஸ்க்கில் காப்பி இருந்தது. கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். அவள் வாங்கி, குடிக்காமல், மெதுவாகக் கீழே வைத்தாள். நாற்பத்து மூன்று வீட்டில் நான் கேட்ட சத்தம்தான். இந்த வீட்டில் அது வேறு மாதிரி கேட்டது.

“எனக்கு ஒரு கோரிக்கை இருக்கு, அபூ யஸன்” என்றாள். “எனக்கு முன்னாடி நீங்க சாகக்கூடாது.”

நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆவி அடங்கிக்கொண்டே வந்தது. எந்தத் தொகையிலிருந்து தொடங்குவது, யாருக்காக எவ்வளவு குறைப்பது, ஒன்றும் தெரியவில்லை. அவள் கண்ணை எடுக்கவில்லை. கதவு எனக்குப் பின்னால் திறந்துதான் இருந்தது. போவதற்கு இடம் இல்லை.

“உன் காப்பியைக் குடி, இப்திஸாம்” என்றேன்.

என்னால் கொடுக்கமுடியாத ஒன்றைக் கொடுப்பதாகச் சொல்லி வாழ்ந்தவன் நான். குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். இரண்டு கையாலும் கோப்பையை எடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள்.